குழாயைத் திருப்பிக் கட்டுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நெல்லைச் சீமையில் தெருவின் ஒரு முனையில் சுடலைமாடன் பீடம், மறுமுனையில் சர்ச், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல். எல்லாம் ஒன்றுதான் என்று மேடையில் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். பீடத்தில் தெய்வம் இருக்கிறது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். இருவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள், மகிழ்ச்சி. போக மனமில்லாதவருக்கும் இந்த ஊரில் அதே மதிப்பு வேண்டும்.

கோயில் திருவிழாவான கொடையும் சர்ச்சின் பொது விருந்தான அசனமும் ஒரே வாரத்தில் வந்தால் ஊர்க்கூட்டத்தில் தெய்வத்தைப் பற்றி வாதாடாதீர்கள். ஒலிபெருக்கிக் குழாயைப் பற்றிப் பேசுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்காக 12 மணிவரை தளர்த்த அரசுக்கு இடமுண்டு. அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்தான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம்.

சண்டை பெரும்பாலும் குழாய் கட்டும் இடத்தில் தொடங்குகிறது. கூம்புக் குழாய் பார்க்கும் திசையில்தான் சத்தம் பாயும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவருள்ள தெருவில் அவ்வளவு குறையாது. ஆகவே தெருக்கோடிவரை குழாய் கட்டுவதை விட்டு, பந்தலுக்குள் சிறிய பாக்ஸ்களைத் தாழ்வாக, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். வில்லுப்பாட்டை மாலையிலேயே தொடங்கலாம். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்கு மைக் எதற்கு? சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு பக்கத்தில் நிற்கும் சாமியாடிக்குக் கேட்டால் போதுமே! ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கும் பள்ளிவாசலின் பஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகை பாங்குக்கும் அதே 6 மணிக் கணக்குதான். ஒருவருக்கு மட்டும் விதியைக் காட்டினால் அது விதியாக இராது, வம்பாகிவிடும்.

விழாவுக்கு ஊரில் பிரிக்கும் வரியிலும் தகராறு வரும். பூசைச் செலவையும் தெரு சுத்தம் செய்யும் செலவையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். வழிபாட்டுக்குத் தரமாட்டேன் என்பவர் பொதுச்செலவில் தன் பங்கைத் தரட்டும். அவரை ஊர் விலக்கக் கூடாது.

இன்னொன்று, வார்த்தை. அடுத்தவர் சாமியைப் 'பேய்' என்பதும், அடுத்தவர் வேதத்தை 'வெள்ளைக்காரன் மதம்' என்பதும் கூட்டத்தை அந்த நொடியிலேயே கலைத்துவிடும். அவர் நம்பிக்கையை அவரே ஒப்புக்கொள்ளும் சொல்லில் முதலில் சொல்லுங்கள். பிறகு 'எனக்கு அதில் நம்பிக்கை இல்லை' என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விழாவுக்குப் பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டுக்கு முன்பே பேசி, நேரத்தையும் ஊர்வலப் பாதையையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மைக் செட்டுக்கும் வில்லுப்பாட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேச உட்கார்ந்தால், விட்டுக்கொடுக்க நினைப்பவருக்கும் வழி இருக்காது.