காணி உங்கட, தண்ணி ஆருடைய?

[முரசுமோட்டைப் பக்க வயல், தூரத்தில ஆத்தங்கரை மரங்கள்]

வணக்கம், எல்லாரும் எப்பிடி இருக்கிறீங்கள்? பின்னால தெரியிறது கனகராயன் ஆறு, கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா தண்ணி இதாலதான் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகும். 2018 டிசம்பர்ல வான் கதவுகள் திறந்து இந்த இடமெல்லாம் வெள்ளம் நிண்டதை இஞ்ச ஒருத்தரும் மறக்கேல்லை.

மாரி தொடங்கினா ஒரு சண்டையும் தொடங்கும். "என்ர காணிக்க நான் அணை போட்டா உனக்கென்ன?"

முதல்ல தண்ணியைப் பாப்பம். 1947ம் ஆண்டு அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி பொது ஆறு, குளத்துத் தண்ணியை நிர்வகிக்கிற உரிமை அரசிட்டத்தான் இருக்கு. கரையில காணி வச்சிருக்கிறவை வீட்டுத் தேவைக்கு அள்ளலாம், மாடு ஆட்டுக்குக் காட்டலாம், கையால இறைச்சுத் தோட்டமும் செய்யலாம், ஆனா ஆத்தை மறிச்சுத் திருப்பிறதெண்டா அனுமதி வேணும். ஆத்து ஒதுக்கு நிலமும் உங்கட பெர்மிட்டுக்குள்ள வராது, வேலி அதுக்குள்ள போயிருந்தா அது உங்கட காணியில்லை.

இப்ப அணைக்கு வாறன். எங்கட இலங்கையில பொதுச் சட்டமா இருக்கிறது ரோமன் டச்சுச் சட்டம். அதின்படி மேட்டுக் காணியில இருந்து இயற்கையா வடிஞ்சு வாற தண்ணியைப் பள்ளக் காணிக்காரர் ஏற்கத்தான் வேணும், அதேமாதிரி மேட்டுக்காரரும் அதைக் கூட்டியோ ஒரே இடத்தால திருப்பியோ கீழ உள்ளவரை வெள்ளத்தில தாழ்க்க ஏலாது. ரெண்டு பக்கமும் கட்டுப்பாடு இருக்கு, ஆனா சண்டையில அவரவர் தனக்குச் சாதகமான பாதியை மட்டும்தான் சொல்லுவினம்.

வயலை மண் போட்டு நிரப்பிறதும் இப்பிடித்தான். 2000ம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில அனுமதி இல்லாம நெற்காணியை நிரப்பக் கூடாது, காணி உறுதி உங்கட பேரில இருந்தாலும் சரி. 1924லயே வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்திட்டுது, கெசட்டில வெள்ளப் பிரதேசம் எண்டு அறிவிச்ச இடத்துக்கு அது பொருந்தும்.

ஒண்டு சொல்லோணும். 2009ல யுத்தம் முடிஞ்ச பிறகு முகாமால திரும்பி வந்த சனத்துக்கு வாய்க்கால் எங்க போனது எண்டே தெரியேல்லை, எல்லாம் பத்தையா மூடிக் கிடந்தது, அப்ப அதுக்கு மேல கொட்டில் போட்டவையை நான் குற்றம் சொல்ல மாட்டன், அவைக்கு முதல்ல மாற்றுக் காணி குடுக்கோணும். ஆனா தெரிஞ்சுகொண்டே லொறி லொறியா கிரவல் பறிச்சுக் வெள்ளம் வடியிற கழிவு வாய்க்காலை மூடுறது வேற கதை, அங்க பத்து வீட்டுக் கிணத்துக்க வெள்ளம் போகுது.

உங்கட பக்கம் அடைப்பு இருந்தா சிறுபோகம் முடிய, தரை காய்ஞ்சிருக்கேக்கயே போட்டோ எடுங்கோ, கமக்காரர் அமைப்பில சொல்லி கமநல சேவை நிலையத்துக்குக் கடிதமாவே குடுங்கோ, பெரிய குளம் ஆறெண்டா நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. கடிதத்தின்ர கொப்பியில திகதியோட கையெழுத்து வாங்கி வையுங்கோ. நவம்பர்ல போனா எல்லாம் தண்ணிக்க கிடக்கும், வாய்க்கால் எது வயல் எது எண்டு காட்டவே ஏலாது.