பீகாக் பாஸுக்கு எந்த லைன் போடணும்? அறுந்த நுனிய வச்சு சொல்றேன் | சிங்கப்பூர் தூண்டில்

(காட்சி: ஒரு வெள்ளத் தட்டுல மூணு அறுந்த லைன் (தூண்டில் நூல்) துண்டு, ரொம்ப கிட்ட)

இத கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. இந்த மொதல் துண்டு, நுனி பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கா? இது அறுந்ததே கிடையாது, முடிச்சு உருவிக்கிட்டு வந்தது. ரெண்டாவது, நுனி வெள்ளையா பூத்து, விரல் வச்சா சொரசொரன்னு இருக்கு, கல்லுல கட்டையில உரசி உரசி போனது. மூணாவது பிளேடு வச்சு நறுக்குன மாதிரி இருக்கு பாருங்க, அது தோமான் பல்லு, தோமான்னா விரால் ஜாதியில பெரிய மீன். மூணுமே என் கைய விட்டு மீன் போனப்ப மிஞ்சுன நுனி, தூக்கிப் போடாம ஒரு டப்பால எடுத்து வச்சிருக்கேன், ஏன்னா லைன் பத்தி நான் கத்துக்கிட்டதுல பாதி இதுங்கள பாத்துதான்.

புதுசா வர்ற தம்பிங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, அண்ணே எந்த ராட், அதான் தூண்டில் கம்பு, வாங்கலாம்னு. நான் திருப்பி கேப்பேன், எந்தத் தண்ணிக்குப் போறீங்க, அங்க என்ன மீன் இருக்கு, கீழ என்ன கிடக்கு? அது தெரிஞ்சாதான் லைன் தெரியும், லைன் தெரிஞ்சாதான் ராட். கடையில ராட்தான் பளபளன்னு நிக்கும், ஆனா மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்குறது அந்த மெல்லிசு நூல் ஒண்ணுதான்.

மொதல்ல மீன சொல்லிடுறேன். பீகாக் பாஸ் பேருலதான் பாஸ், அமெரிக்கால பிடிக்கிறாங்களே லார்ஜ்மவுத் பாஸ், அதோட குடும்பமே வேற. இது தென் அமெரிக்கால அமேசான், ஓரினோக்கோ பக்கத்து சிக்லிட் மீன், நம்ம ஊர் நீர்த்தேக்கத்துல யாரோ கொண்டாந்து விட்டு பெருகிடுச்சு. வாலுல மயில் கண்ணு மாதிரி ஒரு கருப்பு வட்டம் இருக்கும், அதனாலதான் அந்தப் பேரு. இத ஏன் சொல்றேன்னா, நெட்ல பாக்குற பாஸ் வீடியோ முக்கால்வாசி லார்ஜ்மவுத்துக்கு. அங்க தாமரை இலை, பாசி, புதருக்குள்ள இருந்து மீன பிடிச்சு இழுக்கணும், அதனால 50 பவுண்ட், 65 பவுண்ட் தாங்குற பிரெய்ட், அதான் பின்னுன நூல், போடுன்னு சொல்றாங்க. அதே கணக்குல பிடோக் நீர்த்தேக்கத்துல 5 கிராம் லூர, அதான் செயற்கை இரைய, போட்டா அது பத்தடி கூட போகாது. பிடோக் முன்னாடி மணல் தோண்டுன பள்ளம், லோயர் சிலேத்தார் முன்னாடி ஆத்து முகத்துவாரம், ரெண்டும் 1986ல முடிஞ்ச திட்டம். கரையெல்லாம் கல்லு கட்டி வச்சிருக்கு, அந்தக் கல்லு விளிம்பு, அதுதான் நம்ம லைனுக்கு எமன்.

சரி, லைன் மூணு வகை.

மொதல்ல மோனோ, அதான் எங்கப்பா தங்கூஸ்னு சொல்லுவாரு. நைலான். விலை கம்மி, முடிச்சு நல்லா பிடிக்கும், ரப்பர் மாதிரி இழுபடும். அந்த இழுவை நல்லதா கெட்டதான்னா ரெண்டும்தான், மீன் திடீர்னு குதிச்சா அதிர்ச்சிய வாங்கிக்கும், ஆனா தூரத்துல மீன் தொட்டா கைக்கு தெரியாது. தண்ணிய குடிக்கும், வெயில்ல கெடும். நம்ம ஊர் வெயில்ல காரிடார்ல சாத்தி வச்ச ராட்ல இருக்குற பழைய மோனோவ நம்பாதீங்க, நான் வருசக்கணக்கா வச்சுக்கிட்டதே இல்ல.

அடுத்தது ஃபுளோரோகார்பன். ஜப்பான்ல குரேஹா கம்பெனி 1971ல சீகார் பேருல கொண்டாந்தது. இது கண்ணுக்கு தெரியாதுன்னு விளம்பரம் பண்ணுவாங்க, அதுல பாதி உண்மை, ஒளி வளையிற அளவு தண்ணிக்கு 1.33, இதுக்கு 1.42, நைலானுக்கு 1.53 பக்கம், அதனால நைலான விட கம்மியா தெரியும், சுத்தமா மறையாது. என்னக் கேட்டா பீகாக் பாஸ் கோவத்துல அடிக்கிற மீன், குஞ்சு வச்சிருந்தா பக்கத்துல வர்ற எதையும் அடிக்கும், அது லைன உத்து பாத்துட்டு யோசிக்கிறது ரொம்ப கம்மி. நான் ஃபுளோரோ போடுறது உரசல தாங்குதுன்னுதான்.

மூணாவது பிரெய்ட். நிறைய மெல்லிய பாலிஎத்திலீன் இழைய பின்னுன நூல். மெல்லிசா இருக்கும், இழுபடவே இழுபடாது, தூரத்துல மீன் தொட்டாலும் டக்குன்னு கைக்கு வந்துடும். பாக்கெட்ல பிஇ 1, பிஇ 1.5னு போட்டிருக்கும், அது பருமன், பிஇ 1னா 0.165 மில்லிமீட்டர், பிஇ 2னா 0.235. பவுண்ட் நம்பர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால பருமன பாத்து வாங்குங்க. ஆனா கல்லுல பட்டா போச்சு, அந்த மெல்லிய இழைங்க ஒண்ணொண்ணா அறுந்து பஞ்சு மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. அடர்த்தி. தண்ணிய 1ன்னு வச்சா பிரெய்ட் 0.97, மிதக்கும். நைலான் 1.14, மெதுவா இறங்கும். ஃபுளோரோ 1.78, நல்லா முங்கும். அதனால மேல சத்தம் போடுற பாப்பருக்கு நீளமா ஃபுளோரோ கட்டுனீங்கன்னா அது பாப்பரோட மூக்க கீழ இழுக்கும், லூர் ஒழுங்கா வேலை செய்யாது, நீங்க லூர திட்டுவீங்க. பாப்பர் போடுற அன்னைக்கு நான் மோனோ லீடர்தான் கட்டுவேன், லீடர்னா பிரெய்ட் நுனிக்கும் லூருக்கும் நடுவுல சேக்குற துண்டு, முங்குற மின்னோ, ஜிக் மாதிரி லூருக்கு ஃபுளோரோ.

(காட்சி: ராட், ரீல், மேசை மேல)

ஆக என்னோட செட்டப் இது, பீகாக் பாஸுக்கு. மெயின் லைன் பிஇ 1, லீடர் 12லேருந்து 16 பவுண்ட், நீளம் ஒரு கை விரிச்ச அளவு. 2500 சைஸ் ஸ்பின்னிங் ரீல், ஆறரை அடி மீடியம் லைட் ராட். ராட்ல பிடிக்கு மேல எழுதியிருக்குற லூர் எடைய படிங்க, 5லேருந்து 14 கிராம்னா நீங்க போடுற லூர் அதுக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். தோமான் இருக்குற இடம்னா இந்த செட்டப் பத்தாது, பிஇ 2க்கு மேல போங்க, லீடர் 30, 40 பவுண்ட். அப்புறம் நம்ம நீர்த்தேக்கத்துல உயிர் இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான், அதுவும் நீர்த்தேக்கத்த பாத்துக்குற பியுபி போர்டு வச்சு விட்டிருக்குற எடத்துல மட்டும்.

பிரெய்ட்ட ரீல்ல சுத்துறப்ப அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டு ஆரம்பிங்க, இல்லன்னா மொத்த நூலும் ஸ்பூல் மேல வழுக்கி சுத்தும், டிராக், அதான் மீன் இழுத்தா நூல விட்டுக் கொடுக்குற பிடி, கெட்டுப்போச்சுன்னு நினைச்சு கடைக்கு தூக்கிட்டு ஓடுவீங்க.

முடிச்சு. பிரெய்ட்டையும் லீடரையும் சேக்க எஃப்ஜி முடிச்சு, ராட் வளையத்துல தடுக்காம போகும், கத்துக்க ஒரு வாரம் ஆகும், வீட்ல டிவி பாத்துக்கிட்டே போட்டுப் பழகுங்க. லூர் பக்கம் பாலோமர். எது போட்டாலும் இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு ஈரமாக்குங்க. காஞ்ச முடிச்ச சர்ருன்னு இழுத்தா உரசுற சூட்டுல நைலான் அங்கேயே பலவீனமாயிடும், லென்ஸ் வச்சு பாத்தா முடிச்சு பக்கத்துல முடி கருகுன மாதிரி சுருக்கம் தெரியும். அந்த பன்னி வால் நுனி, அது நான் அவசரத்துல மிச்ச நுனிய ரொம்ப ஒட்ட வெட்டுனது.

அந்த சொரசொர நுனி கதையும் சொல்லிடுறேன். லோயர் சிலேத்தார், ஈசூன் பக்கம், காலைல ஏழு மணி. மின்னோ கல்லுல ஒரு தடவ மாட்டி வந்துச்சு. லீடர விரல்ல உருவுனேன், லூருக்கு ஒரு சாண் மேல நகத்துல தடுக்குச்சு. தெரியும் எனக்கு. வெட்டிட்டு திருப்பிக் கட்ட ரெண்டு நிமிசம் ஆகும், ஆனா எதிர்ல சின்ன மீனுங்க சிதறி ஓடுது, பெருசு வேட்டையாடுது, இன்னும் ஒரே ஒரு தடவ போடுவோம்னு போட்டேன். அடிச்சுது. ராட் வளைஞ்சு டிராக் கத்துது, நான் அதுவரைக்கும் பாக்காத அகலம், பச்சை உடம்பு ஒரு தடவ புரண்டுச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. சரியா அந்த ஒரு சாண் எடத்துல. மீன் போனது ஒரு பக்கம், அது வாயில லூரோட போச்சு, அத நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு. அதுலேருந்து எத்தன மீன் எதிர்ல குதிச்சாலும் நகத்துல தடுக்குச்சுன்னா வெட்டிடுவேன். கொக்கி முள்ளையும் குறடு வச்சு நசுக்கிடுறேன், லைன் போனாலும் மீன் உதறி விட்டுக்கும்.

டிராக் எவ்ளோ இறுக்கணும்? உங்க செட்டப்ல எது பலவீனமோ அதோட கால்வாசி. 12 பவுண்ட் லீடர்னா கிட்டத்தட்ட 5.4 கிலோ, கால்வாசி 1.3 கிலோ. ஊருக்குப் போறப்ப பெட்டி தூக்கிப் பாக்குற தராசு வீட்ல இருக்கும்ல, அத லைன்ல மாட்டி ராட்ட வளைச்சு இழுங்க, 1.3ல நூல் வர ஆரம்பிக்கணும். கையால இழுத்து பாத்து சரியா இருக்குன்னு சொல்றவங்க நிறைய பேரு, தராசு வச்சா ரெண்டு மடங்கு இறுக்கி வச்சிருப்பாங்க.

மழை இருட்டிக்கிட்டு வந்தா ராட்ட கீழ வச்சுட்டு கட்டடத்துக்குள்ள போயிடுங்க, கார்பன் ராட் மின்சாரத்த கடத்தும், நம்ம ஊர் மின்னல் விளையாட்டு இல்ல.

(காட்சி: மூடியில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா)

கடைசியா இந்த டப்பா. பழைய மிட்டாய் டப்பாதான், மூடியில ஓட்டை. வெட்டுற ஒவ்வொரு துண்டையும் உடனே இதுக்குள்ள திணிச்சுடுவேன். கரையில விட்டா நைலான் சீக்கிரம் மக்காது, ஒரு நாள் ஒரு நாரை காலுல சுத்தி நொண்டிக்கிட்டு நின்னத பாத்தேன், கிட்ட போனா பறந்து போயிடுது, எடுத்து விட முடியல. உங்க பையில ஒரு டப்பா போட்டுக்குங்க. அடுத்த வீடியோல எஃப்ஜி முடிச்ச மட்டும் மெதுவா, ஒவ்வொரு சுத்தா காட்டுறேன், கையில கொஞ்சம் பிரெய்ட்டும் லீடரும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க.