கணக்கு திறந்திருக்கட்டும்

அவைத்தலைவர் அவர்களே, "ஐந்தே நிமிடம்" என்று தொடங்கி ஐந்தே நிமிடத்தில் வாழ்த்துரையை முடித்த துணைவேந்தர் அவர்களே (நம்பிக்கைக்கு இந்த மேடையில் வேறு சான்று வேண்டுமா?), முன்வரிசைப் பெரியோர்களே, நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

நம்பிக்கையை வளர்ப்பது, பயன்படுத்துவது, காப்பது என்று மூன்று பகுதியாகப் பேசப் பணித்திருக்கிறார்கள். அதற்குமுன் என் வழக்கமான பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என்னை அறிந்தவர்கள் சிரிக்கிறார்கள், சிரியுங்கள்.

1982 செப்டம்பர், சிகாகோ வட்டாரம். ஓர் இளைஞர் திடீரென்று இறந்துபோகிறார். துக்க வீட்டுக்கு வந்த தம்பிக்கு உடம்பு வலி. தம்பி மனைவிக்கும் முடியவில்லை. அங்கிருந்த டைலனால் என்ற வலி மருந்துப் புட்டியிலிருந்தே எடுத்து விழுங்குகிறார்கள். அண்ணன் விழுங்கியதும் அதே புட்டியிலிருந்துதான்! இருவரும் பிழைக்கவில்லை. மொத்தம் ஏழு உயிர்கள். கடையில் இருந்த கேப்சூல் மாத்திரைக்குள் யாரோ சயனைடு கலந்திருந்தான். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். பிறகு மூன்று அடுக்கு முத்திரையோடு மருந்து கடைக்கு வந்தது. முத்திரை கிழிந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கவனியுங்கள் ஐயா, சந்தேகப்படும் உரிமையை வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இழந்த வியாபாரத்தில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திரும்பியது.

இப்போது நம் சங்கங்களுக்கு வருகிறேன். எங்கே வராமல் போவேன்? ஆண்டறிக்கையில் எல்லாச் செலவையும்விடப் பெரிய தொகை "இதர செலவுகள்" என்ற வரியில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்து கேட்டால், "தலைவரையே சந்தேகப்படுகிறாயா?" என்று பாய்கிறார்கள். தலைவர் உத்தமராகவே இருக்கட்டும். ரசீதைக் காட்டினால் உத்தமருக்கு என்ன குறைந்துவிடும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

இரண்டாம் பகுதிக்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராடு நடத்திய கணினிப் போட்டியை வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று கணினி நிரல்கள் தமக்குள் மோதின. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே நீயும் செய் என்ற மிகச் சிறிய நிரல்தான் வென்றது. விரித்துச் சொல்லலாம், ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாம் பகுதியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன்.

தீர்மானத்தை மட்டும் வாசித்துவிடுகிறேன்: "ஒவ்வொரு சங்கமும் மாதந்தோறும் வரவு செலவை ரசீது எண்களோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்." கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தை இட வேண்டும் என்று அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.