ஹெலிகாப்டர் இன்ஸ்ட்ரக்டர் ஏரோபிளேன் ரேட்டிங் எடுக்கணுமா? முதல்ல கால்களைப் பழக்குங்க

வணக்கம் மக்களே! அமெரிக்காவுல எஃப்.ஏ.ஏ. (அந்த நாட்டு விமானத்துறை அமைப்பு) கொடுக்கிற ஹெலிகாப்டர் சி.எஃப்.ஐ. (பறக்கச் சொல்லிக்கொடுக்கிற உரிமம்) வச்சிருக்கீங்க, ஏரோபிளேனும் சொல்லிக்கொடுக்கணும். என்னென்ன வேணும்?

எழுத்துத் தேர்வு சின்ன விஷயம். கற்பித்தல் முறை பத்தின எஃப்.ஓ.ஐ. பேப்பரை மறுபடி எழுத வேண்டாம். ஏரோபிளேன் பாடத்துக்கு 25 கேள்வி, அவ்வளவுதான்.

இழுக்கிறது பறக்கிற மணிக்கணக்குதான். கமர்ஷியல் ஏரோபிளேன் (சம்பளத்துக்குப் பறக்கிற உரிமம்), இன்ஸ்ட்ரூமென்ட் ஏரோபிளேன் (வெளியே பார்க்காம கருவிகளை வச்சே பறக்கிற தகுதி) ரெண்டும் கையில இருக்கணும். ஹெலிகாப்டர் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் இதுக்குச் செல்லாது. கமர்ஷியலுக்கான 250 மணியில ஹெலிகாப்டர்ல பறந்ததும் சேரும், ஆனா ஏரோபிளேன்லயே 50 மணி பி.ஐ.சி. (பைலட்-இன்-கமாண்டா, அதாவது பொறுப்பான பைலட்டா பறந்த நேரம்) வேணும். அதனால நேரா கமர்ஷியலுக்குத் தாவாதீங்க. முதல்ல ப்ரைவேட் ஏரோபிளேன் எடுத்துட்டா, அதுக்கப்புறம் இன்ஸ்ட்ரக்டரோட பறக்கும்போது நீங்க கன்ட்ரோல் பிடிச்சிருக்கிற நேரத்தையும் பி.ஐ.சி.ன்னு எழுதிக்கலாம். இல்லேன்னா அந்த 50 மணியில பெரும்பகுதிக்கு சோலோவாவே (தனியாவே) சுத்தணும்.

இப்ப முக்கியமான விஷயம்: கால். ராபின்சன், பெல் மாதிரி ஹெலிகாப்டர்ல பவர் ஏத்தினா இடது பெடல். செஸ்னா 172 ஏரோபிளேன்ல பவர் ஏத்தினா வலது ரடர் பெடல். நேர் எதிர்! இது எங்க கடிக்கும்னா, கோ-அரவுண்ட்ல (இறங்க வந்துட்டு, இறங்காம மறுபடி மேல ஏறும்போது). லேண்டிங் வேகத்துக்கு ட்ரிம் பண்ணியிருக்கீங்க (யோக்கைப் பிடிக்காமலே மூக்கு நிக்கிற மாதிரி), இறக்கையோட பின்பக்க ஃப்ளாப் முழுசா இறங்கியிருக்கு, முழு த்ராட்டில் கொடுக்கிறீங்க. மூக்கு தானா மேல ஏறும், இன்ஜின் இடது பக்கம் இழுக்கும். அந்த நேரம் பழக்கதோஷத்துல இடது காலும் போச்சுன்னா? தரைக்குப் பக்கத்துல ஸ்டாலும் (இறக்கை தூக்குவிசையை இழக்கிறது) மூக்கு பக்கவாட்டுல திரும்புறதும் சேர்ந்துடும். ஸ்பின்னுக்கு (விமானம் சுழன்றபடி விழறதுக்கு) வேற ஒண்ணுமே வேண்டாம்.

இதுக்கு நான் சொல்ற பயிற்சி: தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல, மெதுவான வேகத்துல, மூக்குக்கு நேரா ஒரு புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு த்ராட்டிலை ஐடில்ல இருந்து முழுசா ஏத்துங்க, இறக்குங்க. புள்ளி நகரவே கூடாது. பேசிக்கிட்டே செஞ்சாலும் கால் சரியா போகுதான்னு பாருங்க, ஏன்னா பாடம் நடத்தும்போது வாய் பேசிட்டேதான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் இருக்கு. ஹெலிகாப்டர்ல இன்ஜின் நின்னா கலெக்டிவை (ஏத்தி இறக்கிற நெம்புகோல்) இறக்கி சைக்ளிக்கை (திசை மாத்துற குச்சி) பின்னால இழுக்கிற கை, ஏரோபிளேனோட யோக்கையும் (கன்ட்ரோல் கைப்பிடி) அப்படியே இழுக்கும். ஏறிட்டிருக்கும்போது நின்னா மூக்கை உடனே இறக்கணும். 172எஸ்-ல 68 நாட் பிடிங்க. ஆனா ஆட்டோரொட்டேஷன்ல (இன்ஜின் இல்லாம ஹெலிகாப்டரை இறக்குறது) வந்த கண் கணக்கு, பவர்-ஆஃப் 180-ல (இன்ஜினை ஐடில்ல வச்சு 180 டிகிரி திரும்பி குறிச்ச இடத்துல இறங்குறது) அருமையா கைகொடுக்கும்.

செக்ரைடுக்கு (செய்முறைத் தேர்வு) முன்னால ஸ்பின் எண்டார்ஸ்மென்ட் (ஸ்பின் பயிற்சி எடுத்ததுக்கான இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து) கட்டாயம். அந்தப் பயிற்சி 172எஸ்-லன்னா யூட்டிலிட்டி கேட்டகரி (ஸ்பின் அனுமதிக்கிற குறைஞ்ச எடை வரம்பு) எடைக்குள்ள, பின் சீட் காலியா, ஃப்ளாப் ஏத்தியிருக்கணும்.

ஏரோபிளேன்ல இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ற வலது சீட் உங்களுக்குப் பயமே இல்ல. இடது கைக்கு த்ராட்டில், வலது கைக்கு யோக்: கலெக்டிவும் சைக்ளிக்கும் இருந்த அதே கைகள்தான். ஒண்ணு மட்டும் கவனிங்க. கவ்லிங்கோட (மூக்குல இருக்கிற இன்ஜின் மூடி) நடுவை ரன்வே முனையோட சேர்த்துப் பார்த்தா, விமானம் வலது பக்கம் திரும்பியே இறங்கும். உங்க கண்ணுக்கு நேரா கவ்லிங் மேல ஒரு இடத்தைக் குறிச்சுக்கிட்டு, அதை சென்டர்லைனுக்கு இணையா வச்சு இறக்குங்க.