தீக்குச்சியும் சாம்பல் கிண்ணமும்: அன்னா அக்மதோவா ஒரு கவிதையைக் காத்த கதை

வணக்கம். தான் எழுதிய வரிகளைத் தானே தீக்குச்சி கிழித்து எரித்த ஒரு கவிஞர், அதே வரிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சொல்கூட அழியாமல் காத்தார். அது எவ்வாறு நடந்தது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா 1889இல் பிறந்தவர். காதல் கவிதைகளால் இளமையிலேயே புகழ்பெற்றவர். முன்னாள் கணவரான கவிஞர் நிக்கொலாய் குமிலியோவ் 1921இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஸ்டாலின் ஆட்சியில், 1938இல், மகன் லெவ் மீண்டும் கைதானார்.

மகனைப் பற்றி ஏதேனும் தெரியாதா என்று லெனின்கிராடு சிறை வாசல்களில் வரிசையில் நின்றே 17 மாதங்களைக் கழித்ததாக அவர் எழுதுகிறார். ஒருநாள், குளிரில் உதடுகள் நீலம் பாரித்திருந்த ஒரு பெண் பின்னாலிருந்து அவர் காதருகே வந்து, "இதையெல்லாம் உங்களால் எழுத முடியுமா?" என்று கேட்டார். "முடியும்" என்றார் அக்மதோவா. அந்த ஒற்றைச் சொல்லை நிறைவேற்றப் பிறந்ததே 'ரெக்வியம்', அதாவது இறந்தோருக்கான இரங்கற்பா, என்ற கவிதைத் தொடர்.

[திரையில்: லெனின்கிராடில் அக்மதோவா வாழ்ந்த ஃபோன்டான்கா ஆற்றங்கரை வீடு]

இனி வருவதை நிதானமாகக் கேளுங்கள். தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயா வந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அக்மதோவா சட்டென்று மௌனமாவார். கண்களால் கூரையையும் சுவரையும் சுட்டிக்காட்டுவார். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற அச்சம் அது. பிறகு, "தேநீர் குடிக்கிறீர்களா?" என்று உரத்துக் கேட்டபடியே ஒரு துண்டுத்தாளில் விரைந்து எழுதி நீட்டுவார். லிதியா படித்து, மனத்தில் பதித்து, பேசாமல் திருப்பிக் கொடுப்பார். "இந்த ஆண்டு இலையுதிர்காலம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது!" என்று மறுபடியும் உரக்கச் சொல்லிக்கொண்டே, அக்மதோவா அந்தத் தாளைச் சாம்பல் கிண்ணத்தின் மேல் பிடித்து எரிப்பார். அந்த லிதியாவின் கணவர், இயற்பியலாளர் மத்வேய் பிரான்ஸ்டைன், 1938இல் சுடப்பட்டவர் என்பதை நினைத்தால், தன் உயிருக்கே ஆபத்தான அவ்வரிகளை நெஞ்சில் சுமந்துகொண்டு அவர் தெருவில் நடந்து வீடு திரும்பிய ஒவ்வொரு இரவும் என்னை நடுங்க வைக்கிறது. இவரைப் போல் 11 பேர் அத்தொடரை மனப்பாடமாக வைத்திருந்ததாகவும், ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் அக்மதோவா பின்னாளில் பெருமையுடன் சொன்னார். அச்சகமும் தாளும் அரசின் பிடியில் இருந்த நாட்டில், எழுத்தின் சுதந்திரம் இந்த நம்பிக்கைக்குரிய சிலரின் நினைவில்தான் உயிரோடு இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

1963இல் மியூனிக்கில் நூலாக வந்த அத்தொடர், சோவியத் மண்ணில் 1987இல்தான் அச்சேறியது. அக்மதோவா 1966லேயே காலமாகிவிட்டார்.

ஆனால், நான் உங்களோடு பேச விரும்பியது இன்னொன்று. 1949இல் லெவ் மறுபடியும் கைதானபோது, மகனைக் காப்பாற்றும் நம்பிக்கையில் 1950இல் ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் எழுதி, பத்திரிகையில் வெளியிட்டார் அதே அக்மதோவா. பத்துக் கோடி மக்கள் கதறும் வாய் தன்னுடையது என்று 'ரெக்வியம்' தொடரில் எழுதியவரின் வாயிலிருந்து அந்தப் புகழுரையும் வந்தது. அது பலிக்கவுமில்லை, ஸ்டாலின் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 1956இல்தான் லெவ் விடுதலையானார். சிலர் அந்தக் கவிதைகளைக் களங்கம் என்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. உண்மைக்காகத் தன்னையே பணயம் வைத்த ஒருவரால் மகனைப் பணயம் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் பதிலைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.