கோணல் பலகையை மட்டமாக்க ரூட்டர் ஸ்லெட், வீட்டிலேயே

வணக்கம். இந்தப் பலகையைப் பாருங்கள். வாகை, 2 அடி அகலம், 5 அடி நீளம். இந்த மூலையை அழுத்துகிறேன், எதிர்மூலை எழும்புகிறது, அதாவது முறுக்கியிருக்கிறது. இழைப்புளி போட்டால் தோள்பட்டை போய்விடும், இவ்வளவு அகலத்துக்கு மெஷின் உள்ள பட்டறை எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் கையில் இருக்கும் ரூட்டரையே, அதாவது வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைச் செதுக்கும் கை மெஷினையே, ஓட்டப்போகிறோம்.

பலகையின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு அலுமினியம் பாக்ஸ் பைப், அவற்றின் மேல் குறுக்கே ஒரு தட்டு, தட்டுக்குள் ரூட்டர். அவ்வளவுதான் ஸ்லெட். ஆனால் பைப் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மரமும் வரும், அதனால் பாதி நேரத்தை இங்கேயே செலவழியுங்கள்.

[காட்சி: பைப்புகளின் மேல் இரண்டு நூல்]

ரசமட்டம் மட்டும் போதாது. பைப்பின் நான்கு முனைகளிலும் மூலைக்கு மூலை நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இப்போது மேல் நூலைக் கீழே மாற்றிக் கட்டுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் சரி. இடைவெளி தெரிந்தாலோ ஒன்று மற்றதை அழுத்தினாலோ ஒரு முனைக்கு அடியில் அட்டை வைத்து ஏற்றுங்கள்.

தட்டுக்கு 18 எம்.எம். பிளைவுட், இரண்டு ஓரமும் அலுமினியம் ஆங்கிள். முதல் தடவை 12 எம்.எம். பிளைவுட்டை ஆங்கிள் இல்லாமல் போட்டேன், ரூட்டர் கனத்தில் நடுவில் தொய்ந்து, பலகை முழுக்க நடுவே பள்ளம் விழுந்தது. நல்ல மரம் அது, இன்னும் மனசு கேட்கவில்லை.

அப்புறம், ஆடும் மூலைகளுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். பலகையை அழுத்தி ஸ்க்ரூ அடித்து மட்டமாக்காதீர்கள், கழற்றியதும் பழைய கோணலுக்கே திரும்பிவிடும். நகராமல் இருக்க நான்கு பக்கமும் கட்டை போதும்.

40 எம்.எம். பிட் என்றால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு தடவைக்கு 2 எம்.எம். ஆழம் மட்டுமே, கடைசித் தடவை அரை எம்.எம். பிட் சுழலும் திசைக்கு எதிராகவே தள்ளுங்கள், கூடவே போனால் மரத்தைக் கவ்வி ரூட்டரை இழுத்துக்கொண்டு ஓடும். மாஸ்க், கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுங்கள், இனி ஆப்பு வேண்டாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு எடுங்கள், ஒரு பக்கமே எடுத்தால் மறுபடி வளையலாம். கடைசியாக ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பின்னாலிருந்து போன் டார்ச் அடிக்கிறேன்… பாருங்கள், அடியில் வெளிச்சம் வரவில்லை.