20 மீட்டர் கேபிள் போட்டதும் எதிரொலி ஏன் பாதியானது?

சரி, அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து. காபித் தோட்டத்து மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் டிரான்ஸ்டியூசர் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்குகிற கருவி) வைத்து மட்டம் பார்க்கிறாராம் ஒரு நண்பர். மேசையில் நன்றாக வேலை செய்தது, மோட்டார் ரூமிலிருந்து 20 மீட்டர் கோஆக்சியல் கேபிள் இழுத்ததும் எதிரொலி பாதியாகிவிட்டது, கேபிள் 50 ஓம் என்பதால் 50 ஓமுக்கு மேட்ச் செய்யணுமா, அதாவது இரண்டு முனையையும் கேபிளின் மின்தடைக்குப் பொருத்தணுமா என்று கேட்கிறார்.

வேண்டாங்க. 40 கிலோஹெர்ட்ஸில் கேபிளுக்குள் ஒரு அலையின் நீளமே சுமார் 5 கிலோமீட்டர், 20 மீட்டரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்களைப் படுத்துவது கெபாசிடன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற தன்மை. கடையில் கிடைக்கிற 16 மில்லிமீட்டர் டிரான்ஸ்டியூசர் 2,400 பிகோஃபாரட் பக்கம் இருக்கும். கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 100 என்றால் மொத்தம் 2,000. இன்னொரு டிரான்ஸ்டியூசரையே பக்கத்தில் சுமையாகக் கட்டிவிட்ட மாதிரி, வருகிற சிக்னலை அதுவும் பங்கு போட்டுக்கொள்கிறது.

இணையாக ஒரு இண்டக்டர், அதாவது கம்பி சுற்றிய காயில் போட்டால் அந்தக் கெபாசிடன்ஸ் ஈடாகிவிடும். ஆனால் கணக்கில் கேபிளையும் சேர்க்கணும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டிரான்ஸ்டியூசருக்கு மட்டும் பார்த்தால் 6.6 மில்லிஹென்ரி, கேபிளோடு 4,400 பிகோஃபாரட் என்று பார்த்தால் 3.6.

சேலத்தில் என் மேசையில் செய்கிற முறை இது: டிரான்ஸ்டியூசரும் காயிலும் இணைந்த இடத்துக்குத் தொடராக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், ஆஸிலாஸ்கோப்பின் ஒரு சேனல் மின்னழுத்தத்தில், இன்னொன்று அந்த ரெசிஸ்டரில். காயிலுக்குள் ஃபெரைட் (காந்தப் பொருள்) துண்டை மெல்ல நகர்த்தினால் முன்னே ஓடிக்கொண்டிருந்த மின்னோட்ட அலை பின்னால் வந்து வந்து, ஒரு இடத்தில் மின்னழுத்த அலையோடு சேர்ந்து நிற்கும். அங்கேயே பசை வைத்துவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, டிரைவருக்கும் (டிரான்ஸ்டியூசரை இயக்குகிற சர்க்யூட்) காயிலுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிடர் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் டிசி நேராகக் காயில் வழியே பாய்ந்து டிரான்சிஸ்டர் போய்விடும், எனக்கு இரண்டு போயிருக்கிறது.

இது மின் பக்கம் மட்டும். டிரான்ஸ்டியூசருக்குள் அதிர்கிற பீசோ செராமிக்கின் ஒலித்தடை (ஒலி நுழைய ஒரு பொருள் காட்டுகிற எதிர்ப்பு) காற்றைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் டிரான்ஸ்டியூசரின் முகப்பு வலைக்குப் பின்னால் அந்தச் சின்னக் கூம்பை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை எந்தக் காயிலாலும் ஈடுகட்ட முடியாது, கூம்பைத் தயவுசெய்து விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், கேபிள் பங்கு போடுவதற்கு முன்பே சிக்னலைப் பெரிதாக்க, முதல் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டி மூடிக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் அடைத்து வைத்துவிடுவேன். அங்கே அடிக்கிற பனிமூட்டத்துக்கு டப்பா மட்டும் ஈரம் புகாததாக இருக்கட்டும்.